தமிழ்ச் சங்கம் இந்த மனுவில் கையெழுத்துப் போடலாமா? கறுப்பினத்தவர் போராட்டத்துக்கும் நம் விசா பிரச்சினைக்கும் என்ன தொடர்பு?

கம்மிங் கார்த்தி:

ஜார்ஜியாவில் ஃபோர்சைத் கவுண்டியில் இருக்கிறேன், கம்மிங் பக்கம். எங்கள் ஊர் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவில் இந்த வருடம் என்னையும் போட்டிருக்கிறார்கள். இதுவரை பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி, கோடைச் சுற்றுலா என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒரு மனு வந்திருக்கிறது. பக்கத்து குவின்னெட் கவுண்டியில் உள்ள கறுப்பினத்தவர் தேவாலயம் ஒன்றும், லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பும் சேர்ந்து எழுதியது. அதில் இரண்டு கோரிக்கை. ஒன்று, சாலையில் சின்னத் தவறுக்காக நிறுத்தப்படுகிறவர்களைக் குடியேற்ற அமலாக்கத் துறையிடம், அதாவது எல்லாரும் சொல்கிற ஐஸிடம், பிடித்துக் கொடுப்பதில் மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்துவதைத் தாண்டி உள்ளூர் போலீஸ் போகக் கூடாது. இரண்டு, கறுப்பின இளைஞர்களின் வண்டியைக் காரணமில்லாமல் நிறுத்திச் சோதிப்பது நிற்க வேண்டும், யாரை எதற்காக நிறுத்தினார்கள் என்ற கணக்கை இனவாரியாக வெளியிட வேண்டும். சங்கமும் கையெழுத்துப் போடுமா என்று கேட்கிறார்கள்.

குழுவில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். நாம் முறைப்படி விசா வாங்கி வந்தவர்கள், நம் பிரச்சினை கிரீன் கார்டு வரிசை, பிள்ளைக்கு 21 வயதானால் எச்4 என்ற குடும்ப விசா போய்விடுவது, வேலை போனால் 60 நாளில் இன்னொன்று தேடுவது. இதற்கெல்லாம் குரல் கொடுப்பவர்களோடு சேரலாம், கறுப்பினத்தவருக்கும் போலீசுக்கும் உள்ள தகராறு வேறு, அதை ஏன் நம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. கெட்டவர்கள் இல்லை, பயப்படுகிறார்கள்.

எனக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒற்றுமை, மனிதநேயம் என்று பொதுவாகப் பேசினால் அந்த அறையில் எடுபடாது. இன நீதி கேட்டுப் போராடுகிறவர்களுக்கும் குடியேறியவர்களின் உரிமைக்காகப் போராடுகிறவர்களுக்கும் உண்மையிலேயே என்ன தொடர்பு? உறுதியான தகவலாகச் சொல்லுங்கள். எதிர்வாதம் இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் அதை முதல்முறையாகக் கேட்டு நான் திணறக் கூடாது.


நிலா_அட்லாண்டா:

கார்த்தி, வேறெங்கும் போக வேண்டாம், நீங்கள் இருக்கிற கவுண்டியிலிருந்தே தொடங்குங்கள். 1912 செப்டம்பரில் ஒரு வெள்ளை இளம்பெண் கொல்லப்பட்ட வழக்கில், கைதான கறுப்பின இளைஞர் ஒருவரைக் கம்மிங் சிறையிலேயே கும்பல் புகுந்து கொன்று ஊர் நடுவில் தொங்கவிட்டது. அப்புறம் இரண்டு பதின்வயதுப் பையன்களை அவசர அவசரமாக விசாரித்துத் தூக்கில் போட்டார்கள். அடுத்த சில வாரங்கள் இரவு நேரத்தில் குதிரையில் வந்து வீடுகளையும் தேவாலயங்களையும் எரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர்களைக் கவுண்டியை விட்டே துரத்தினார்கள். நிலத்தையும் பயிரையும் அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு எழுபது வருடத்துக்கு மேல் ஃபோர்சைத் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர் கவுண்டி.

1987 ஜனவரி 17 அன்று குடிமை உரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் ஒரு சிறிய ஊர்வலம் அங்கே போனபோது கல்லும் பாட்டிலும் பறந்தன. ஒரு வாரம் கழித்து 20,000 பேர் அளவில் திரும்பி வந்தார்கள், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கோரெட்டா ஸ்காட் கிங், ஜான் லூயிஸ் எல்லாம் நடந்தார்கள், நேஷனல் கார்டு படை காவலுக்கு நிற்க வேண்டியிருந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் ஃபோர்சைத்தில் இரண்டரை லட்சம் பேர், அதில் ஆறில் ஒருவருக்கும் மேல் ஆசியர். அந்த ஆசியர்களில் நாமும் சேர்த்தி. வெள்ளையர் அல்லாத ஒரு குடும்பம் அங்கே பயமில்லாமல் வீடு வாங்கலாம் என்ற நிலைமையை யார் உண்டாக்கினார்கள் என்று உங்கள் குழுவில் கேளுங்கள். அந்த 1987 ஊர்வலத்தில் நம்மவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அடுத்தது சட்டம். 1790ல் போட்ட குடியுரிமைச் சட்டம் "சுதந்திரமான வெள்ளையர்" மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1870ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள், ஆசியர்களைச் சேர்க்கவில்லை. பஞ்சாபிலிருந்து வந்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? இந்த இன வேலியே தவறு என்று சொல்லவில்லை. நான் உயர்சாதி, ஆரிய வம்சம், ஆகவே வெள்ளையர் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. 1923ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் முடியாது என்றார்கள், சாதாரண மனிதன் வெள்ளையர் என்று சொல்லும்போது யாரை நினைக்கிறானோ அதில் நீ வரமாட்டாய் என்று. அந்தத் தீர்ப்பை வைத்து ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். சாதிப் பெருமையைக் காட்டி வெள்ளையர் பந்தியில் இடம் பிடிக்கப் பார்த்து அவமானப்பட்ட கதை அது. இன்றைக்கும் "நாங்கள் அவர்களைப் போல இல்லை" என்று பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வழக்குத்தான் நினைவுக்கு வருகிறது, கோபமும் வருகிறது.

1946ல்தான் இந்தியர்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது, வருடத்துக்கு 100 பேர். ஆமாம், நூறு. மொத்தமாகத் திறந்தது 1965ல். 1964 ஜூலையில் குடிமை உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம், அக்டோபர் 3 அன்று பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு செய்யும் முறையை ஒழித்த குடியேற்றச் சட்டம். இவை மூன்றும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் இல்லை. அந்தக் குடியேற்றச் சட்டத்தில் பெயர் உள்ள இமானுவேல் செல்லர்தான் 1964 குடிமை உரிமைச் சட்டத்தையும் பிரதிநிதிகள் அவையின் நீதிக் குழுத் தலைவராக இருந்து நடத்திக் கொடுத்தவர். உள்ளூரில் தோல் நிறத்தை வைத்து ஒதுக்குவது தவறு என்று சட்டம் போட்டுவிட்டு, எல்லையில் மட்டும் அதையே செய்வதை எப்படி நியாயப்படுத்துவது என்ற கேள்வி வந்துவிட்டது. அந்தக் கேள்வியை வரவைத்தது அலபாமாவின் பர்மிங்ஹாமிலும் செல்மாவிலும் உரிமை கேட்டு அடி வாங்கிய கறுப்பினத்தவர்கள்.

பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். இங்கே பிறந்த குழந்தை குடிமகன் என்கிற 14ஆம் திருத்தம் 1868ல் விடுதலையான அடிமைகளுக்காக எழுதப்பட்டது, கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆகவே முடியாது என்ற 1857 தீர்ப்பைத் துடைத்தெறிவதற்காக. சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் 1898ல் உச்ச நீதிமன்றத்தில் அதே வரியைக் காட்டி வென்றார். 2025 ஜனவரி 20 அன்று வந்த ஆணை, தாய் தற்காலிக விசாவில் இருந்து தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது. எச்1பி என்ற வேலை விசாவில் இருக்கிற குடும்பங்களைக் குறிவைக்கிற வரி அது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் கையில் எடுத்த ஆயுதம் இந்த 14ஆம் திருத்தம்தான்.


பழைய மதுரைக்காரன்:

தம்பி கார்த்தி, எதிர்வாதம் கேட்டீர்கள், சொல்கிறேன். நான் 1980களில் வந்தவன், நிலா அம்மா எழுதிய வரலாற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அது பாதிக் கதை. கறுப்பினத் தலைவர்களும் குடியேறியவர்களும் எப்போதும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அனுமதி இல்லாதவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு அபராதம் என்று 1986ல் சட்டம் வந்தது. அதை நீக்கலாம் என்ற பேச்சு வந்தபோது 1991ல் கோரெட்டா ஸ்காட் கிங் உட்படக் கறுப்பினத் தலைவர்கள் சிலர் செனட்டர் ஹேட்சுக்கு நீக்காதீர்கள் என்று கடிதம் எழுதினார்கள். தங்கள் மக்களின் கூலி வேலைகள் போய்விடும் என்ற கவலை. டெக்சஸிலிருந்து வந்த கறுப்பினத் தலைவர் பார்பரா ஜோர்டன், குடிமை உரிமைப் பாரம்பரியத்தில் அவ்வளவு மதிப்புள்ளவர், அவர் தலைமையிலான ஆணையம் 1995ல் சட்டபூர்வமான குடியேற்றத்தையே குறைக்கச் சொன்னது. அவர்கள் இனவெறியர்களா? இல்லை. அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருந்தது.

நமக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதுதான் என் கட்சி. சங்கத்தில் பாதிக்கு மேல் விசாவில் இருக்கிறவர்கள். போலீசை எதிர்த்த மனுவில் சங்கத்தின் பெயர் வந்தால் நாளைக்குப் பள்ளி மண்டபம் கேட்கும்போதும், ஷெரிப் அலுவலகத்திடம் விழாவுக்குப் பாதுகாப்பு கேட்கும்போதும் என்ன ஆகும்? போலீஸ் கோரிக்கையை விட்டுவிட்டு, குடியேற்றம் பற்றியதை மட்டும் தனியாக எழுதினால் நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.


ஹன்ட்ஸ்வில் கலா:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் போலீஸ் பிரச்சினை நமக்கு வேறு என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. நான் இருப்பது அலபாமா. பக்கத்தில் மேடிசன். 2015 பிப்ரவரியில், மகன் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்த 57 வயதுக்காரர் காலையில் அக்கம்பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். சந்தேகப்படும்படி ஒரு ஒல்லியான கறுப்பர் திரிகிறார் என்று யாரோ போலீசுக்கு போன் போட்டார்கள். வந்த அதிகாரி கேட்டதற்கு அவருக்குத் தெரிந்த ஓரிரு வார்த்தையில் இந்தியன், நடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கையைப் பின்னால் பிடித்துத் தரையில் அடித்ததில் கழுத்து எலும்பு பாதிக்கப்பட்டு உடம்பு ஓரளவு செயலிழந்தது. வண்டியின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். அதிகாரி மேல் நடந்த மத்திய வழக்கில் இரண்டு முறை நடுவர் குழு முடிவுக்கு வர முடியாமல் போய், கடைசியில் நீதிபதி விடுதலை செய்துவிட்டார்.

முறைப்படி வந்தவர், வீடு மகனுடையது, ஒரு குற்றமும் இல்லை. போன் போட்டவர் கண்ணுக்கு அவர் கறுப்பர். அவ்வளவுதான் தேவைப்பட்டது. நம் வீடுகளில் எல்லாம் அம்மா அப்பா ஆறு மாதம் வந்து இருக்கிறார்கள், காலையில் வேட்டியோ டிராக் பேண்ட்டோ போட்டு நடக்கப் போகிறார்கள், இங்கிலீஷ் வராது. அந்த இரண்டாவது கோரிக்கை அவர்களுக்கானது. அதை வெட்டச் சொல்லாதீர்கள், ஐயா.


டெகாட்டூர் செந்தில்:

கிளார்க்ஸ்டனில் அகதிக் குடும்பங்களுக்குத் தன்னார்வமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், அங்கே எத்தியோப்பியர், காங்கோக்காரர், பர்மாக்காரர் எல்லாம் உண்டு. மதுரைக்கார ஐயா சொன்ன 1991 கடிதமும் ஜோர்டன் ஆணையமும் உண்மை, கார்த்தி அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் குடியேறியவர்கள் ஒரு பக்கம், கறுப்பினத்தவர் ஒரு பக்கம் என்று நாம் பிரித்துப் பேசும்போது இரண்டும் ஆனவர்களை மறந்துவிடுகிறோம். ஹைட்டி, ஜமைக்கா, நைஜீரியா, எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள் அட்லாண்டாவைச் சுற்றி எவ்வளவு பேர்!

1996 குடியேற்றச் சட்டத்தைப் பற்றி உங்கள் குழுவில் யாருக்காவது தெரியுமா என்று பாருங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடுகடத்தக்கூடிய குற்றங்களின் பட்டியலை அது வெகுவாக நீட்டியது. திருட்டு வழக்கில் ஒரு வருடத் தண்டனை எழுதப்பட்டால் போதும், ஒரு நாள்கூட சிறைக்குப் போகாமல் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும் கணக்கில் வரும். பழைய வழக்குகளுக்கும் செல்லும். இப்போது யோசியுங்கள், போலீஸ் யாரை அதிகம் நிறுத்துகிறதோ அவர்கள் மேல்தான் வழக்கு அதிகம் விழும், வழக்கு விழுந்தவர்தான் குடியேற்ற நீதிமன்றத்துக்குப் போவார். 2006ல் ஓக்லண்டில் தொடங்கிய பிளாக் அலையன்ஸ் ஃபார் ஜஸ்ட் இமிக்ரேஷன் என்ற அமைப்பு இதை ஆராய்ந்து வெளியிட்டது: குடியுரிமை இல்லாதவர்களில் கறுப்பினத்தவர் 7 சதவீதம் அளவுதான், குற்றத்தைக் காரணம் காட்டி நாடுகடத்தல் வழக்கை எதிர்கொள்கிறவர்களில் 20 சதவீதம். அந்த அமைப்பை நடத்திய ஓபல் டொமெட்டிதான் 2013ல் பிளாக் லைவ்ஸ் மேட்டரைத் தொடங்கிய மூவரில் ஒருவர். மனுவின் இரண்டு கோரிக்கையும் ஏன் ஒரே தாளில் இருக்கிறது என்பதற்குப் பதில் இதுதான்.

நம் ஜார்ஜியாவில் இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்விளக்கு எரியவில்லை என்று வண்டியை நிறுத்துவார்கள். உரிமம் இல்லை என்றால் கைது. கவுண்டி சிறையில் கைரேகை. அங்கே 287 ஜி என்ற ஒப்பந்தம் இருந்தால் ஷெரிப்பின் ஆட்களே குடியேற்ற அதிகாரிகள் போல விசாரித்து ஐஸுக்குத் தகவல் கொடுத்துப் பிடித்து வைப்பார்கள். அப்புறம் லம்ப்கினில் உள்ள ஸ்டூவர்ட் தடுப்பு மையம். குவின்னெட்டிலும் காப் கவுண்டியிலும் இந்த ஒப்பந்தம் பல வருடம் இருந்தது, லத்தீன் அமெரிக்க அமைப்புகள் தனியாகக் கத்திப் பார்த்தார்கள், நகரவில்லை. 2020 நவம்பரில் கறுப்பின வாக்காளர்களும் குடியேறிய குடும்பங்களும் ஒன்றாக நின்று இரண்டு கவுண்டியிலும் முதல் கறுப்பின ஷெரிப்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குவின்னெட்டில் கீபோ டெய்லர், காப்பில் கிரெய்க் ஓவன்ஸ். 2021 ஜனவரியில் இரண்டு இடத்திலும் ஒப்பந்தம் போனது. பிறகு 2024ல் எச்பி 1105 என்ற மாநிலச் சட்டம் ஷெரிப்கள் ஒத்துழைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது, அது வேறு சண்டை. ஆனால் அந்த வெற்றி சேர்ந்து நின்றதால் கிடைத்தது.

மிசிசிப்பியும் பாருங்கள். அரிசோனா பாணியில் போலீசே குடியேற்ற ஆவணம் கேட்கும் மசோதா 2012ல் அங்கே வந்தபோது சட்டமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள்தான் அதை மணிக்கணக்கில் எதிர்த்துப் பேசினார்கள், கீழவையில் நிறைவேறியும் செனட்டில் குழுவோடு செத்துப்போனது. ஐயா சொன்ன கூலிக் கவலை அவர்களுக்கும் இருந்திருக்கும். கோழி இறைச்சி ஆலை முதலாளி இரண்டு கூட்டத்தையும் ஒருவருக்கு எதிராக ஒருவராக வைத்துக் கூலியைக் குறைக்கிறான் என்று தெரிந்துதான் அந்த முடிவுக்கு வந்தார்கள். அதே மிசிசிப்பியின் ஜாக்சனில்தான் 1964 மே மாதம் நம் இந்திய சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியா வெள்ளையருக்கான உணவகத்துக்குள் போகப் பார்த்துக் கைதானார்.

"முறைப்படி வந்தவர்கள்" என்பதற்கு ஒரே ஒரு விஷயம். 2025 செப்டம்பரில் நம் ஜார்ஜியாவின் எல்லபெல்லில் கார் பேட்டரி ஆலைச் சோதனையில் 475 பேரைப் பிடித்தார்கள், பெரும்பாலோர் தென் கொரியர்கள், பலர் விசாவோடு வந்த பொறியாளர்கள். சங்கிலி போட்டுத்தான் கொண்டுபோனார்கள்.


வன்னி_லண்டன்:

அமெரிக்க நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும் அண்ணாமார், இங்கே பிரிட்டனில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். 1958ல் கொழும்பில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு லண்டன் வந்த இலங்கைத் தமிழர் சிவானந்தன், இங்கே இறங்கிய நேரம் நாட்டிங் ஹில்லில் கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு தீயிலிருந்து தப்பி இன்னொன்றில் விழுந்தவர், அந்த இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார். இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து 1970களில் அதன் இயக்குநரானார். "நீங்கள் அங்கே இருந்ததால் நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று குடியேற்ற விவாதத்தில் இன்றைக்கும் சொல்லப்படுகிற வரி அவருடையது. கரீபியர், ஆப்பிரிக்கர், ஆசியர் எல்லாரும் அந்தக் காலத்தில் ஒரே பெயரில் கறுப்பர்கள் என்று சொல்லிக்கொண்டு போராடினார்கள்.

1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் எங்கட தமிழ்ப் பெடியள் அறுபது பேர் அளவில் திருப்பி அனுப்பப்படுவதை எதிர்த்து விமான நிலையத் தளத்தில் உடுப்பைக் கழற்றிப் போட்டு நின்றார்கள். அப்போது எங்கள் சங்கங்கள் சின்னவை, அரசாங்கத்தில் யாரையும் தெரியாது. தமிழருக்கு மட்டும் என்று தனியாகக் கேட்டிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? நாடுகடத்தலுக்கு எதிராகக் கரீபியரும் பஞ்சாபியரும் ஏற்கெனவே வருடக்கணக்காகப் போராடிப் போட்டு வைத்த பாதையில்தான் நாங்கள் நடந்தோம்.


கம்மிங் கார்த்தி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கலா அக்கா சொன்னதை என் அம்மாவிடம் இன்றைக்கே பேசினேன். இரண்டு நடைமுறைக் கேள்வி. சங்கம் 501 சி 3, அதாவது வரிவிலக்கு பெற்ற லாப நோக்கமில்லாத அமைப்பு, இப்படி மனுவில் சேர்ந்தால் வரிவிலக்கு போய்விடும் என்று பொருளாளர் சொல்கிறார், சரியா? விசாவில் இருக்கிற உறுப்பினர்களுக்கு ஆபத்து வருமா?


நிலா_அட்லாண்டா:

வரிவிலக்கு விஷயத்தில் உங்கள் பொருளாளர் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார். தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ 501 சி 3க்கு அறவே கூடாது. ஒரு பொதுக் கொள்கை பற்றிக் கருத்துச் சொல்லலாம். குறிப்பிட்ட மசோதாவுக்காகச் சட்டமன்றத்தை நெருக்குவதும் அமைப்பின் வேலையில் பெரும் பங்காக ஆகாத வரை அனுமதி உண்டு. தேவாலயங்களே இதைச் செய்கின்றனவே. மனுவில் ஷெரிப் தேர்தல் பற்றியோ கட்சி பற்றியோ ஒரு வரிகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாக்காரர்களுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சுரிமை குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் உண்டு, ஆனால் 2025ல் கருத்துச் சொன்னதற்காக மாணவர் விசாக்களை ரத்து செய்ததைப் பார்த்தோம். அதனால் தனிநபர் பெயர் வேண்டாம், சங்கத்தின் பெயர் மட்டும் போகட்டும், கடிதத்தில் கையெழுத்திடுவது குடியுரிமை உள்ள நிர்வாகி ஒருவராக இருக்கட்டும். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள்.

மதுரைக்கார ஐயா சொன்ன மாதிரி இரண்டாவது கோரிக்கையை விட்டுவிடலாம் என்று குழுவில் யாராவது சமரசம் கொண்டுவருவார்கள். அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அந்தத் தேவாலயத்துக்காரர்கள் முதல் கோரிக்கையில் நமக்காக நிற்கிறார்கள், பெரும்பாலும் அவர்களுக்கு விசா கவலை இல்லை. யாரை நிறுத்தினார்கள் என்ற கணக்கு வெளியே வந்தால்தான் முதல் கோரிக்கைக்கே ஆதாரம் கிடைக்கும். ஓட்டெடுப்புக்கு முன்னால் அந்தப் போதகரை உங்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேச வையுங்கள், எதிர்க்கிறவர்கள் தங்கள் கேள்விகளை அவரிடமே நேரில் கேட்கட்டும். தமிழ்ப் பள்ளி நடக்கும் நாளில் வைத்தால் பெற்றோரும் இருப்பார்கள்.